பாகற்காயைப் பதினெட்டால் பெருக்கினால்

ஈப்போவுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் சேகர் என்னை ஒரு சீனர் கடைக்கு முன்னால் வரிசையில் நிறுத்தினார். மண்டையைப் பிளக்கிற வெயில். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பம் கோலாலம்பூரிலிருந்து இரண்டரை மணி நேரம் காரோட்டி வந்திருக்கிறதாம். ஏதோ பெரிய விருந்து என்று பசியை அடக்கிக்கொண்டு நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்து மேசைக்கு வந்தது என்ன தெரியுமா? முளைகட்டிய பயறு. குட்டையாய், குண்டு குண்டாய், வெள்ளை வெளேரென்று ஒரு தட்டு நிறைய முளை. மேலே கொஞ்சம் சோயா சாஸ், மிளகுத்தூள். தவ்கே என்று பெயர். பக்கத்தில் கோழியும் வந்தது. ஆனால் எல்லார் கையும் முதலில் தவ்கேக்குத்தான் போனது. சேகர் கை மட்டும் கோழிக்குப் போனது.

எங்கள் ஊர்ப் பக்கம் முளைப்பயறு என்பது டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுக்கிற சமாச்சாரம். சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்தே வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்று சொல்லிவிடலாம். அதற்காக ஒரு ஊரே பெருமைப்படும், காரெடுத்து வருவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் போய் வேலையைப் பாருங்கள் என்றிருப்பேன். அன்றைக்கு நானும் நாலு வாய் தின்று பார்த்தேன். மொறுமொறுவென்றுதான் இருந்தது. ஆனாலும் பச்சையாக எதையோ ஏமாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் தப்பு என்று தெரிய எனக்கு ஆறு வருஷமும் ஒரு வியாதியும் தேவைப்பட்டன.

சேகர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். விடியும் முன்னே கிளம்பி, வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேலை. பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அவர் அம்மா பால்வெட்டிவிட்டு மதியம் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டுக்கு வந்ததும், பின்னால் போய் மரவள்ளிக் கொழுந்தைப் பறித்து, பானையில் போட்டு, குளித்து, துணி துவைத்து, பக்கத்து வீட்டுச் சண்டையையும் முடித்துவைத்துவிட்டு வந்துதான் இறக்குவாராம். தினமும் அதே கீரை, அதே கருவாடு. கல்யாணமான புதிதில் நான் ஆசையாய் அவரைக்காய்ப் பொரியல் வைத்தபோது, சேகர் அதை விரலால் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டுகிற ‘லா’வோடு சொன்னார்:

“கோவிச்சுக்காத மீனா. நான் தோட்டத்த விட்டு வந்ததே இதுங்கள விட்டு வரத்தான் லா. இது ஆடு திங்கறது.”

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. என் பொரியலும் அப்படித்தான் இருந்தது. நான் காரைக்குடிக்குப் பக்கம். அந்தப் பெயரைச் சொன்னாலே இங்கே எல்லாரும் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு கோழி வறுவல் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் மசாலா, பக்குவம், பொறுமை எல்லாம் கறிக்கும் மீனுக்கும்தான். காய்கறி குக்கரில் ஏறி நாலு விசில் வாங்கி, நிறம் போய், உருத்தெரியாமல் இறங்கும். முட்டைக்கோஸ் வேகிற நாளில் தெருமுனையிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வருவோம். உடம்புக்கு நல்லது என்றால் வாய்க்கு நல்லதாய் இருக்காது, அதுதான் அதன் லட்சணம் என்று நினைத்தே வளர்ந்தோம்.

இப்படி ஆறு வருஷம் ஓடியது. போன வருஷம் பஸ் லைசென்ஸைப் புதுப்பிக்க உடம்பைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். சேகர் கிளினிக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“என்ன சொன்னாங்க?”

“சுகர் இருக்காம். லேசாதான். பதினொண்ணு.”

எனக்குச் சர்க்கரை நோய் புதிதில்லை. எங்கள் அப்பாவுக்கு இருந்தது. நூற்றெண்பது, இருநூற்றுப் பத்து என்று அந்த எண்களை வாய்ப்பாடு மாதிரி கேட்டு வளர்ந்தவள் நான். பதினொன்று என்று ஒரு சர்க்கரையை என் ஆயுசில் கேட்டதில்லை. உடனே காரைக்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்கு ஃபோன் போட்டேன்.

“அண்ணே, அவருக்கு சுகர் பாத்தாங்களாம். பதினொண்ணாம்.”

“நூத்திப் பதினொண்ணா?”

“இல்லண்ணே, வெறும் பதினொண்ணு.”

அந்தப் பக்கம் தராசுத் தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“ஏத்தா, பதினொண்ணுல ஒரு மனுசன் உக்காந்திருக்க முடியுமா? எனக்கு இருநூத்தி நாப்பது, நான் பாட்டுக்கு மூட்டை தூக்கிக்கிட்டு இருக்கேன். மாப்பிள்ளை முழிச்சிருக்காரா பாரு. மொதல்ல இனிப்பா எதையாச்சும் குடு.”

திரும்பிப் பார்த்தேன். சேகர் கண்ணை மூடி வாயைத் திறந்து கிடந்தார். விடியற்காலையில் எழுந்த மனிதன் அசந்து தூங்குகிறார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் ஒரு டம்ளர் பாலில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கி, அவரை உலுக்கி எழுப்பிக் குடிக்கவைத்தேன். “ஒங்களுக்குச் சக்கரை ரொம்பக் கம்மியாம், அண்ணன் சொல்லுது” என்றேன். சேகர் என் முகத்தைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார்.

சர்க்கரை வியாதி என்றால் பாகற்காய் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆனால் இவருக்கோ சர்க்கரை கம்மி. ஆகவே வியாதிக்குப் பாகற்காய், கம்மிக்கு வெல்லம் என்று நானே ஒரு வைத்தியத்தைக் கண்டுபிடித்தேன். வெல்லத்துக்கு இங்கே கிடைக்கிற கூலா மலாக்கா, அதாவது நம் கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. பாகற்காயைத் தாராளமாய் எண்ணெய் விட்டு வதக்கி, கெட்டியாய்ப் புளி ஊற்றி, மிளகாய்த்தூள் போட்டு, கடைசியில் ஒரு முழு வில்லையை உடைத்துப் போட்டுப் பளபளவென்று சுருட்டி இறக்கினேன். கசப்பு எங்கோ பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, முன்னால் இனிப்பும் புளிப்பும் காரமும் நின்றன. சேகர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். அப்புறம் கிண்ணத்தையே இழுத்துக்கொண்டார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் என்னிடம் ஒரு காய்கறியை “இன்னும் கொஞ்சம் போடு” என்று கேட்ட நாள் அது. நான் அடுப்படிக்குள் போய்ச் சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் அந்தப் பாகற்காய் எங்கள் வீட்டில் ராஜ்ஜியம் பண்ணியது. கேரட்டுக்கு வெல்லம், பூசணிக்கு வெல்லம், கடைசியில் பீன்ஸுக்கும் வெல்லம். காய்கறி எப்படிச் சமைக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரிகளுக்கு வகுப்பு எடுக்கிற அளவுக்கு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மறுபரிசோதனைக்கு நானும் கூடவே போனேன். பாராட்டு கிடைக்கும் இடத்தில் நான் இல்லாவிட்டால் எப்படி?

டாக்டர் தைப்பிங்கைச் சேர்ந்த சின்ன வயசுப் பெண், நம்மவர்தான். தாளைப் பார்த்தார், சேகரைப் பார்த்தார்.

“அண்ணே, பதினாலு.”

“ஏறிடுச்சா டாக்டர்!” என்று நான் முந்திக்கொண்டேன். “நல்லதாப் போச்சு. இன்னும் ஒரு மாசத்துல இருபதுக்குக் கொண்டாந்துடுவேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சேகர் தலைக்கு மேல் சுற்றிய காற்றாடியை முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, வீட்டுல என்ன சமைக்கிறீங்க?”

வரிசையாகச் சொன்னேன். டாக்டரின் கை மெல்ல நெற்றிக்குப் போனது. பிறகு அந்தப் பெண் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். “அக்கா, இங்க அளக்கிற கணக்கு வேற, ஒங்க ஊர்க் கணக்கு வேற. இதப் பதினெட்டால பெருக்குங்க, ஒங்க ஊர்க் கணக்கு வரும்.” ஃபோனில் பெருக்கிக் காட்டினார். இருநூற்றைம்பத்திரண்டு.

எங்கள் அப்பாவின் கால் கட்டைவிரலை எடுத்த வாரம் வீட்டில் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டிருந்த எண்ணும் ஏறக்குறைய அதுதான். விரலோடு நிற்கவில்லை, அடுத்த வருஷம் முழங்காலுக்குக் கீழே போனது. என் கையாலேயே அந்த எண்ணை இந்த மனிதனுக்கு ஊட்டியிருக்கிறேன். டாக்டர் கையெழுத்துப் போடாமலே லைசென்ஸ் ஃபாரத்தைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். “மூணு மாசம் டைம் தாரேன். மாத்திரையும் ஒழுங்கா போடணும், சாப்பாடும் மாறணும். எறங்கலேன்னா நான் கையெழுத்துப் போட முடியாது, அண்ணே பஸ் ஓட்ட முடியாது.”

காரில் வீடு திரும்பினோம். வாசலில் நிறுத்தியதும் பிடித்துக்கொண்டேன்.

“எனக்குத்தான் தெரியல. ஒங்களுக்குத் தெரியும்ல? சொல்லியிருக்கலாம்ல?”

“தெரியும்.”

“மொத தடவ குடுத்த மாத்திரை என்னாச்சு?”

“பஸ்ல வச்சிட்டு மறந்துட்டேன்.”

“ஏன் இப்படிப் பண்ணீங்க?”

சேகர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தார். “ஒன் சாப்பாட்டுல மொத தடவயா காய்கறி நல்லா இருந்துச்சு மீனா. அத எப்படிலா நிப்பாட்டச் சொல்றது?” என்றார். பிறகு குரல் இறங்கிப் போய், “பஸ் இல்லேன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. பயமா இருக்கு” என்றார். நான் இறங்கிப் போய் மிச்சமிருந்த கூலா மலாக்காவைக் குப்பையில் போட்டேன்.

அடுத்த நாளிலிருந்து நான் எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். வெல்லம் இல்லை, எண்ணெய் இல்லை, பயத்தில் உப்பும் இல்லை. எல்லாக் காயும் வெந்நீரில் வெந்தன, வெந்துகொண்டே இருந்தன. மதியத்துக்கு டப்பாவில் கட்டிக்கொடுத்தேன். டப்பா தினமும் காலியாகத் திரும்பி வந்தது. பரவாயில்லையே, மனுஷனுக்குப் பயம் வந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து, அவர் மறந்து வைத்துவிட்டுப் போன ஃபோனைக் கொடுக்கத் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். அங்கே காவலுக்கு இருந்த மலாய்க்காரப் பெரியவர் நான் சேகர் மனைவி என்றதும் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, “தெரிமா காசே” என்று திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. வேலிக்குப் பின்னால் கையைக் காட்டினார். அவருடைய மூன்று ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. என் சமையலில்தான் அவை கொழுத்திருக்கின்றனவாம். முட்டைக்கோஸை மட்டும் அவை தொடவில்லை என்பதையும் கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார்.

ஆடே வேண்டாம் என்ற பிறகு மனுஷனை என்ன சொல்வது? அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. கால் போன போக்கில் நடந்து, முதல் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்ற அதே கடைக்கு வந்து சேர்ந்தேன். மதியக் கூட்டம் ஓய்ந்திருந்தது. சீன அங்கிள் ஒரு தட்டு தவ்கே கொண்டுவந்து வைத்தார். வியாதிக்காரன் தின்கிற இந்தப் பண்டத்தை இந்த மனிதர் எப்படி ஊரே தேடிவருகிற மாதிரி செய்கிறார் என்று கேட்க வேண்டும். எனக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, நடுவில் என் ஓட்டை மலாய். “அங்கிள், இனி பெலும் மாசாக்” என்றேன். இதை இன்னும் சமைக்கவே இல்லையே, பிறகு எப்படி ருசிக்கிறது என்று கேட்டதாய் எனக்கு நினைப்பு. வேகாததைக் கொண்டுவந்து வைத்துவிட்டாய் என்று குறை சொன்னதாய் அவருக்கு எட்டியிருக்கிறது. அங்கிள் முகம் சிவந்துவிட்டது.

“மாசாக் சுடா!” என்று ஒரு சத்தம். சமைத்தாயிற்று என்று அர்த்தம். தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போய், கொதிக்கிற அண்டாவில் அத்தனையையும் கொட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் என்னை முறைத்தபடியே வேகவிட்டார். வடித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தபோது அது பழுப்பாய்த் துவண்டு, தண்ணீர் விட்டுக்கொண்டு, ஒரு நாற்றத்தோடு கிடந்தது. அடக் கடவுளே, அது அப்படியே எங்கள் வீட்டுச் சாப்பாடு! நான் சிரிக்க ஆரம்பித்தேன். சிரிப்பு அடங்காமல் அழுகையாகவும் ஆகிவிட்டது. அங்கிள் பயந்துபோனார். தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பலாமா என்று யோசித்தாரோ என்னவோ. நான் துவண்ட தட்டைக் காட்டி, என்னைக் காட்டி, “சாயா மாசாக்” என்றேன். நான் சமைப்பது இது. அதற்கு மேல் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கையைப் பிடித்து இழுக்காத குறையாய் அண்டாவுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். புதுத் தவ்கேயைக் கொதிநீரில் போட்டு, விரலை மடக்கிப் பத்து வரை எண்ணி, எடுத்துவிட்டார். அவ்வளவுதான் அந்த ஊர்ப் பெருமையின் ரகசியம்.

அங்கே ஆரம்பித்தது என் படிப்பு. டாக்டரைக் கேட்டேன், ஃபோனில் பார்த்தேன், சட்டி சட்டியாய்க் கருக்கினேன். கசப்பு என்பது செடி தன்னைத் தின்ன வருகிற பூச்சிக்கும் புழுவுக்கும் வைத்திருக்கிற காவலாம். உடம்புக்கு நல்லது என்கிற சத்தில் ஒரு பங்கு அந்தக் கசப்பில்தான் இருக்கிறதாம். நாக்கு பயந்து துப்பப் பார்ப்பது அதன் பிறவிக் குணம். முட்டைக்கோஸ் வேக வேக அதற்குள் இருக்கிற கந்தகம் வெளியே வந்து நாறுகிறது, சீக்கிரம் இறக்கிவிட்டால் இனிக்கிறது. நல்ல சூட்டில் ஓரம் சிவக்கிற காய்க்குத் தனி இனிப்பு வந்துவிடுகிறது. பயந்து நான் ஒதுக்கிய உப்பு, ஒரு சிட்டிகை போட்டாலே கசப்பை அமுக்கிவிடும். ஒரு சொட்டுக்கூட எண்ணெய் இல்லாத கீரை நாக்கில் ஒட்டாது. பாகற்காயைத் தாள் மாதிரி மெல்லிசாய் அரிந்து, உள்ளே இருக்கிற பஞ்சை வழித்துவிட்டு, உப்பில் பிசறி, பிழிந்து, இரும்பு வாணலி புகைகிற சூட்டில் நெத்திலியும் வெங்காயமும் போட்டுப் புரட்டி, மேலே ஒரு முட்டை உடைத்து ஊற்றினேன். கசப்பு இருந்தது. ஆனால் மரியாதையாக இருந்தது. சேகர் தின்று பார்த்துவிட்டு, “ஆட்டுக்குக் குடுக்க மாட்டேன்” என்றார். பெரிய மனசு!

ஒரு நாள் சந்தையில் மரவள்ளிக் கொழுந்து பார்த்து வாங்கி வந்தேன். அதையும் பத்து எண்ணி இறக்கலாம் என்று போனபோது சேகர் அலறிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவந்தார். “அலாமாக், அத அப்படிப் பண்ணாத லா! பச்சையா தின்னா வெசம். நல்லா வெந்தே ஆகணும்!” சொன்னவர் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். “இதுக்குப் பயந்துதான் அம்மா எல்லாத்தையும் அப்படி வேக வச்சாங்களா?” என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டார். அந்தத் தோட்டமே கொழுந்துக்குப் பயந்து கத்திரிக்காயையும் ஒரு மணி நேரம் வேகவைத்திருக்கிறது. அன்றைக்குக் கொழுந்தை நாங்கள் நன்றாக வேகவிட்டோம். வடித்து, தாளித்து வைத்தேன். சேகர் ஒதுக்காமல் தின்றார். “அம்மா சாகற வரைக்கும் இந்தக் கீரைக்காக அவங்களத் திட்டிக்கிட்டே இருந்தேன்” என்று சொல்லிக் கண் கலங்கினார்.

மூன்று மாதம் முடிந்தது. கிளினிக்கில் டாக்டர் தாளைப் புரட்டுகிற வரைக்கும் என் கை சேகர் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தது.

“ஏழு,” என்றார் டாக்டர்.

நான் மனசுக்குள் பெருக்கினேன். நூற்றிருபத்தாறு. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும், மாத்திரையை விடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் சேகர் பஸ்ஸை எங்கள் தெரு வழியாகக் கொண்டுவந்து, வீட்டு வாசலில் ஒரு நீள ஹார்ன் அடித்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு நாய்கள் எல்லாம் அவரை வாழ்த்தின.

அண்ணனிடம் சொல்லாமல் இருக்க முடியுமா?

“அண்ணே, ஏழு!”

“அடிப்பாவி, இன்னும் எறங்கிருச்சா?”

பதினெட்டுக் கணக்கை விளக்கினேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். மாப்பிள்ளைக்குத் தானே இனிப்பு எழுதிக்கொடுத்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சும்மாதான் கேட்டேன்.

“ஒனக்கு இப்ப எவ்வளவுண்ணே?”

“எனக்கென்ன, அதே இருநூத்தி நாப்பது.”

எத்தனையோ வருஷமாய் ஊரில் மழை பெய்கிறதா என்று கேட்டுக்கொள்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்த எண் அது. எந்த நேரத்தில் என் விரல் ஃபோனில் அதைப் பதினெட்டால் வகுத்ததோ தெரியவில்லை. பதின்மூன்றும் சொச்சமும். இந்த ஊர் டாக்டர் பேனாவைக் கீழே வைக்கிற எண். சேகருக்கு நான் பயந்த எண்ணுக்கு ஒரு படிதான் கீழே. ஊர்க் கணக்கில் ஒரு நாளும் எனக்குப் பயம் தராத அண்ணன் சர்க்கரை, இந்த ஊர்க் கணக்கில் என்னை உலுக்கிவிட்டது. அவர் காலைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. நடுவில் ஒரு கடல் கிடக்கிறது.

“அண்ணே, நாளைக்கு டாக்டரப் போய்ப் பாக்குற. இப்ப கடையில பாகற்காய் இருக்கா?”

“இருக்கு. வெல்லமும் இருக்கு.”

“வெல்லத்தத் தூக்கி உள்ள வை. ஃபோன அடுப்புக்கிட்ட கொண்டு போ.”

கடைக்குப் பின்னாலேயே வீடு, அண்ணி ஊரில் இல்லை. அண்ணன் முனகிக்கொண்டே அரிவாள்மனையைத் தேடினார். மெல்லிசாய், இன்னும் மெல்லிசாய் என்று நான் இங்கிருந்து விரட்டினேன். இங்கே எனக்கும் சேகர் வருகிற நேரம். நானும் என் வாணலியை ஏற்றினேன். சட்டி நன்றாகக் காயணும், காய்ந்த பிறகுதான் போடணும் என்று சொல்லிவிட்டு, ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றேன். என் வாணலி புகைய ஆரம்பித்துவிட்டது. காயைக் கையில் வைத்துக்கொண்டு, போடாமல், காரைக்குடி அடுப்பில் எண்ணெய் சடசடக்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.